புகையிரத மேடையில் கழற்றிய செருப்புகள்

அத்தியாயம் 6

கொலின்ஸுக்குத் தெரிந்த ஓவியம் இரண்டே வகைதான். ஒன்று கோயில் சுவரில் இருப்பது, மற்றது லொறியின் பின்பலகையில் இருப்பது. முதலாவதைக் கண்டால் சிலுவை போட்டுக்கொள்வான். இரண்டாவதைக் கண்டால் ஹோர்ன் அடித்து முந்துவான். மன்னார் நகர மண்டபத்தில் இப்போது அவன் முன்னால் நின்றது இரண்டிலும் சேராதது. ஆளுயரப் பலகை. அதிலே கொழும்புக் கோட்டைப் புகையிரத நிலையம், மாலை நேரம், வேலை விட்ட சனமெல்லாம் ஒரே மேடையில்.

"ராத்தா, இந்தச் சனத்துக்குள்ள போனா என்ர பர்ஸ் போயிடும்" என்றான், தான் அக்காவாக மதிக்கும் நசீறாவிடம்.

நசீறா படத்துக்கு மூக்கு முட்டுமளவு கிட்டே போனாள். பெரிய கடை வீதியில் ஒரு பேக்கரியின் மாடியில் 'நசீறா விசாரணைக் கந்தோர்' என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்தத் துப்பறியும் கந்தோரின் மூளை அவள். ஓட்டோவும் வாயும் கொலின்ஸ்.

அவர்களை வரச்சொன்ன துசாந்தினி கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டு நின்றாள். கண்காட்சிக்குப் படம் சேர்க்கும் பொறுப்பு அவளுடையது.

"கொழும்பில நடக்கிற கண்காட்சி அக்கா. நகர வாழ்க்கைதான் தலைப்பு. மாவட்டத்துக்கு ஒரு சுவர். மன்னாருக்கு இதுதான் முதல் தரம். நடுவர்மார் இந்தப் படத்தைத்தான் எடுத்தவை. ஆனால் கீறினவர் படத்தில பேர் போட்டிருக்க வேணும். இதில பேரே இல்லை. ஐஸ் லொறியில வந்து இறங்கினது. கொண்டுவந்த டிரைவருக்கும் ஆர் குடுத்ததெண்டு ஞாபகம் இல்லை."

"எப்ப அனுப்ப வேணும்?"

"லொறி வாசலில நிக்குது. பொழுது படமுன்னம் போயிடும். பேர் இல்லாட்டி எங்கட சுவர் வேற மாவட்டத்துக்கு."

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

மன்னார்க் கடைகளில் பாதிக்குப் பெயர்ப்பலகை எழுதிய பவ்ஸான் கையில் தூரிகையோடு நின்றார். கொழும்பில் பல வருடம் இருந்தவர். அந்த வருடங்களை ஒவ்வொரு பேச்சிலும் ஒருமுறை ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்.

"இது நான் கீறினது, நசீறா ராத்தா. பேர் போட மறந்திட்டன். கொழும்பில இருக்கக்குள்ள தினமும் பாத்த இடம்."

துசாந்தினி நசீறாவின் காதோரம் குனிந்தாள். "எனக்கு நம்பிக்கை இல்லை அக்கா. ஆனா உரிமை கேட்டு வந்த ஒரே ஆள் இவர்தான். வேற ஆரும் வராட்டி, குழு இவரைத்தான் கையெழுத்து வைக்கச் சொல்லும்."

நசீறா மேடையின் ஓரத்தைச் சுட்டிக் காட்டினாள். ரயில் நிற்கும் விளிம்பில் வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. அவற்றைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ரயிலில் ஏறிக்கொண்டிருந்தது சனம்.

"இந்தச் செருப்புகள் என்னத்துக்கு?"

பவ்ஸான் கண்ணை மூடித் திறந்தார். "அது குறியீடு. நகரத்துக்கு வாறவன் தன்ர ஊரைக் கழட்டி வச்சிட்டு ஏறுறான்."

"நடுவர்மாரும் அப்பிடித்தான் எழுதியிருக்கினம்" என்றாள் துசாந்தினி சோர்ந்த குரலில்.

"சரி. ஒரு செருப்பின்ர வாருக்குள்ள மற்றச் செருப்பைச் செருகி வச்சிருக்கே. எல்லாச் சோடியும் அப்பிடித்தான். அது ஏன்?"

பவ்ஸான் முதன்முறையாகப் படத்தைக் கவனித்துப் பார்த்தார்.

"காதல்" என்றார். "ஒண்டை விட்டு ஒண்டு பிரியாமல்."

கொலின்ஸுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வெடித்தது. நசீறா அவன் காலை மிதித்தாள். மிதித்த காலை எடுக்காமலே துசாந்தினியிடம், "லொறியைக் கொஞ்சம் பிடிச்சு வை. டிரைவருக்குக் கொத்து ரொட்டி வாங்கிக் குடு. சாப்பாட்டை விட்டிட்டு ஆரும் வண்டி எடுக்க மாட்டினம்" என்றாள். புறப்படுமுன் போனில் படத்தைப் பல கோணத்தில் எடுத்துக்கொண்டாள்.

ஓட்டோ களப்பின் குறுக்கே போகும் தாம்போதியில் ஏறியதும் நசீறா சொன்னாள். "இப்ப சிரி."

"ராத்தா, அது காதல் இல்லை. நாய்."

"விளங்கச் சொல்லு."

"படகில ஏறுறவன் செருப்போட ஏறமாட்டான். கரையில கழட்டி விட்டிட்டுத்தான் ஏறுவான். எங்கட வங்காலையில எல்லாரும் அப்பிடித்தான். ஆனா தோமஸ் அண்ணன்ர மீன்வாடியில மட்டும் ஒரு நாய் இருக்கு. பேர் ராசா. ஒற்றைச் செருப்பைக் கண்டா விடாது, தூக்கிக்கொண்டு ஓடும். சோடியாச் செருகி வச்சா அதுக்கு வாய் கொள்ளாது. அதால அந்த வாடிக்குப் போறவை எல்லாம் செருப்பைச் செருகித்தான் வைப்பினம்."

"அப்ப கீறின ஆள் ரயிலில ஒருநாளும் ஏறினதில்லை."

"ரயிலில எப்பிடி ஏறுறதெண்டு தெரியாமல், படகில ஏறுற மாதிரி ஏத்திவிட்டிருக்கு. நடுவர்மார் அதுக்குக் கண்ணீர் விட்டிருக்கினம்."

"ரயில் ஏறாத ஆளுக்கு கோட்டை ஸ்டேஷன் எப்பிடித் தெரியும்? மணிக்கூடு, கூரை, வடை விக்கிறவன்ர கூடை, எல்லாம் அச்சொட்டா இருக்கு." நசீறா போனில் படத்தைப் பெரிதாக்கினாள். "நடுவில ஒரு தூண் நிக்குது, பாத்தியா?"

"ரோட்டைப் பாக்கிறதோ, தூணைப் பாக்கிறதோ?"

"ஓட்டோவை நிப்பாட்டு."

நிறுத்தினான். கடல்நீர்க் களப்பின் காற்று ஓட்டோவின் சீலையைப் படபடவென்று அடித்தது. தூண் படத்தின் சரி நடுவில் நின்றது. கோட்டையில் தூண்கள் ஒல்லியாய், இரும்பாய் இருக்கும். கொலின்ஸ் அவற்றில் சாய்ந்து நின்று பஞ்சி முறித்திருக்கிறான். இந்தத் தூணுக்கோ மேலே ஒடுக்கம், கீழே அகலம். தோள் வைத்த தூண்.

"தூணுக்கு யாரோ சாப்பாடு போட்டிருக்கினம்" என்றான்.

நசீறா தன் போனைக் கையை நீட்டிப் பிடித்து, முன்கமராவைத் திறந்தாள். திரையின் நடுவில் அவள் முகம். முகத்தின் இரண்டு பக்கத்திலும் களப்பு, தாம்போதி, சைக்கிளில் போகும் ஒருவர், மேயும் கழுதை ஒன்று. "என்ர முகத்தை எடுத்துப்போட்டு அந்த இடத்தில ஒரு தூணை வை."

கொலின்ஸ் பார்த்தான். பார்த்துவிட்டு ஓட்டோவின் திறப்பைத் திருப்பிக் கிளப்பினான்.

"வீடியோ கோல்" என்றான். "ஆரோ ஒராள் கோட்டை ஸ்டேஷனில நிண்டு எடுக்குது. இஞ்ச இருக்கிற ஆள் அந்த ஆளுக்குப் பின்னால தெரிஞ்ச சனத்தைக் கீறியிருக்கு."

"ஒரு நாள் எடுத்த கோலில இவ்வளவு தெரியாது. ஒவ்வொரு பின்னேரமும் எடுக்கிற ஆள். ஒவ்வொரு பின்னேரமும் பாத்துக்கொண்டிருக்கிற ஆள்."

"ஆளைப் பிடிச்சிட்டன் ராத்தா" என்றான் கொலின்ஸ். "தோமஸ் அண்ணன்ர மகள் றொஷேல். அவவுக்குக் கலியாணம் பேசி வச்சிருக்கு. மாப்பிள்ளை வெளியில. சின்ன வயசில கோயில் சுவரில கரியால மாடு கீறிப் பங்குச் சுவாமியிட்ட அடி வாங்கினவ. இதில துப்பறிய என்ன இருக்கு?"

"அதை அங்க போய்ச் சொல்லு" என்றாள் நசீறா.

வங்காலைக் கரையில் தோமஸின் வாடி கிடுகால் வேய்ந்த நீளக் கொட்டகை. அதன் முன்னால், கோயில் திருநாளுக்காகக் கரையேற்றிப் புதிதாய் நீலம் பூசிய படகு ஒன்று வெயிலில் மினுங்கியது. அதைத் தாண்டினால் கடல். மணல் ஈரமாயிருந்ததால் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். நசீறா ஒன்றுக்குள் மற்றதைச் செருகி வைத்தாள். எல்லாம் தெரிந்த கொலின்ஸ் செருக மறந்தான்.

றொஷேல் வாடிக்குள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தாள். கொலின்ஸ் நேரே விஷயத்துக்கு வந்தான். "உம்மட மாப்பிள்ளை கோட்டை ஸ்டேஷனில நிண்டுதானே கோல் எடுக்கிறவர்?"

"கட்டாரில நிண்டு எடுக்கிறவர்" என்றாள் றொஷேல். "பின்னால கிரேன்தான் தெரியும். அதைக் கீறச் சொன்னா ஒரு கோடு போதும். என்ன கொலின்ஸ் அண்ணன், துப்பறியிற ஆக்கள் கேட்டுட்டுத்தானே முடிவெடுக்கிறவை?"

"சில நேரம் முடிவெடுத்திட்டும் கேக்கிறது" என்றான் கொலின்ஸ். முகம் சற்று வாடியது.

குரல் கேட்டு தோமஸ் வெளியே வந்தார். கரையில் பத்துப்பேர் இழுக்கும் வலையைத் தனியே அசைத்துவிடுவார் என்று பெயரெடுத்த உடம்பு. கட்டைக் குரல்.

"என்ன பிள்ளையள், என்ன விஷயம்?"

நசீறா போனில் இருந்த படத்தைக் காட்டினாள். தோமஸ் அதைப் பார்த்த வேகத்தில் கடலைப் பார்க்கத் திரும்பினார்.

"இஞ்ச படம் கீறுற ஆக்கள் இல்லை. மீன் பிடிக்கிற ஆக்கள்தான். இருங்கோ, பிளேன்டீ போடச் சொல்லுறன்."

படகுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரை ஒன்று தனியே கிடந்தது. ராத்தாவை நிழலில் இருத்தலாமென்று கொலின்ஸ் அதைத் தூக்கப் போனான்.

"அதை அசைக்காதை."

தோமஸ் பாய்ந்து வந்து கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கதிரையின் கால்கள் மணலில் நன்றாகப் புதைந்திருந்தன. பல நாளாய் ஒரே இடத்தில் இருந்து பழகிய கதிரை. நசீறா கதிரையைப் பார்த்தாள், அதற்குப் பின்னாலிருந்த நீலப் படகைப் பார்த்தாள்.

காரணம் கேட்க நேரமில்லை. ராசா கொலின்ஸின் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு படகைச் சுற்றி ஓடியது. கொலின்ஸ் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துரத்தினான். படகுக்கு அந்தப் பக்கம் போனவன் சிறிது நேரம் வரவில்லை. வந்தபோது ஒரு கையில் செருப்பு இருந்தது.

"தோமஸ் அண்ணன், உங்கட போட் இந்தப் பக்கம் மாப்பிள்ளை. அந்தப் பக்கம் மாப்பிள்ளையின்ர மாமனார். பெயின்ற் எல்லாம் உரிஞ்சு பலகை தெரியுது."

தோமஸ் வாயைத் திறந்தார். அந்த நேரம் அவருடைய சேட்டுப் பையில் போன் அடித்தது.

அவர் அவர்களை மறந்தார். கதிரையில் போய் உட்கார்ந்து, தலைமயிரைக் கையால் வாரிக்கொண்டு, போனை நீட்டிப் பிடித்தார். திரையின் மூலையில் அவர் முகமும், பின்னால் படகின் நீலமும் மட்டும் தெரிந்தன. திரை முழுவதும் ஒரு பெண்ணின் முகம். வேலை முடிந்த களைப்பும் சிரிப்புமாய் இருந்தது. முகத்தின் இரண்டு பக்கத்திலும் கோட்டைப் புகையிரத நிலையம் நெருக்கியடித்துக்கொண்டு போனது. மணிக்கூடு, கூரை, வடைக்கூடை.

கொலின்ஸ் வங்காலைக்காரன். தோமஸின் மனைவி மாக்கிறட், மொறட்டுவையில் படிக்கும் மகனுக்குச் சமைத்துப் போடவென்று கொழும்புக்குப் போய், கோட்டை நிலையத்துக்குப் பக்கத்துப் பெற்றாவில் ஒரு புடவைக் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்ட கதை ஊருக்கே தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும், கரையில் காத்திருப்பதென்றால் அது பொம்பிளைதான் என்று அவன் தலை தானாகத் தீர்மானித்திருந்தது.

"உன்ர பிழைக்குப் பிறகு சிரிப்பம்" என்று நசீறா அவன் காதில் சொன்னாள். "அந்தக் கதிரையில இருந்தாத்தான் போட்டின்ர பூசின பக்கம் மட்டும் தெரியும். மற்றப் பக்கத்துக்கு வாங்கின பெயின்ற் இப்ப நகர மண்டபத்தில நிக்குது."

கொலின்ஸின் போனும் அடித்தது. துசாந்தினி. அவள் குரல் பக்கத்தில் நின்ற நசீறாவுக்கும் கேட்டது. டிரைவர் கொத்தை முடித்துவிட்டார். குழுத்தலைவர் வந்துவிட்டார். பவ்ஸான் தூரிகையை நனைத்துவிட்டார்.

நசீறா கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "தோமஸ் அண்ணன், உங்கட படத்தில வேற ஆள் பேர் எழுதப் போறார். நீங்கள் வந்தா உங்கட படம். வராட்டி அவருடையது. நான் உங்களைக் காட்டிக் குடுக்கமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

"ஆர் அது கதைக்கிறது?" என்றது போன். "இஞ்சேருங்கோ, என்ன படம்?"

தோமஸ் கடலைப் பார்த்தார். மகள் வலையை விட்டுவிட்டு வாடி வாசலில் வந்து நின்றதைப் பார்த்தார். ஐஸ் பெட்டியைத் தூக்கிப்போன இரண்டு பேர் பெட்டியோடு நின்றுவிட்டதையும் பார்த்தார்.

"மாக்கிறட், நீர் போட்டுக்கு அனுப்பின பெயின்ற்…"

"ஓம்?"

"அரைவாசிதான் போட்டில இருக்கு."

அவர் சொன்னார். சொல்லும்போது முழு உடம்பும் கதிரைக்குள் சிறுத்துப்போனது. ஒவ்வொரு பின்னேரமும் கோல் முடிந்த பிறகு அந்தச் சனம் கண்ணுக்குள்ளேயே நின்றதாம். ஒருநாள் படகுக்கு வாங்கிய பலகையில் சும்மா ஒரு கோடு இழுத்தாராம். பிறகு நிற்பாட்ட முடியவில்லையாம். திருநாளுக்கு மாக்கிறட் ஊருக்கு வந்தால் வாடியில் பலகையைக் கண்டுவிடுவாள் என்ற பயத்தில், இந்தக் கரையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் எதுவென்று யோசித்து, கண்காட்சிக்கு அனுப்பிவிட்டாராம்.

"ஒளிக்கிறதுக்கு நல்ல இடம்" என்று முணுமுணுத்தான் கொலின்ஸ். "நாளைக்குக் கொழும்பே பாக்கப் போகுது."

"காட்டுங்கோ" என்றது போன். அந்தக் குரலில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நசீறா தன் போனிலிருந்த படத்தை அந்தப் போனின் முன்னால் பிடித்தாள். மாக்கிறட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ரயில் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சனம் அவளை இடித்துக்கொண்டு போனது. அவள் அசையவில்லை.

"இதில நான் எங்க?"

"நீர்தான் அந்தத் தூண்."

"தூணோ?"

"முகம் வருகுதில்லை. எத்தினையோ தரம் கீறி அழிச்சன். மற்றச் சனமெல்லாம் கைக்கு வந்தது. உம்மை மட்டும் பிழையாக் கீற மனம் வரேல்லை."

றொஷேல் தாவணி நுனியால் மூக்கைத் துடைத்தாள். கொலின்ஸ் ஒரு பகிடி சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். அது அவன் வாழ்க்கையில் அபூர்வம்.

மாக்கிறட்டின் தோளுக்கு மேலால் ஒரு தலை நீண்டது. வடைக்கூடைக்காரர். போனுக்குள் இருந்த போனைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்துவிட்டு இன்னும் கிட்ட வந்தார்.

"மே மம நே" என்றார். இது நான்தானே என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, தன் வயிற்றைத் தடவி, தனக்குத் தெரிந்த தமிழில் முறைப்பட்டார். "ஆனால் இவ்வளவு பெரிய வண்டி இல்லை, அக்கா. கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க."

மாக்கிறட் சிரித்தாள். சிரிப்புக்கு முன் கொஞ்சம் கண்ணீர் வந்தது, பிறகு சிரிப்பு மட்டுமே இருந்தது. வடைக்காரர் பக்கத்தில் நின்றவர்களையும் கூப்பிட்டார். குடையோடு ஒருவர், சீருடையோடு ஒரு பிள்ளை, பேப்பர் விற்பவர் என்று ஒவ்வொருவராய்த் திரைக்குள் தலையை நீட்டித் தங்களைத் தேடினார்கள். கோட்டை நிலையத்தில் ஒரு ரயில் அவர்களை ஏற்றாமலே போனது.

"இஞ்சேருங்கோ" என்றாள் மாக்கிறட், அந்தக் கூட்டத்தின் நடுவிலிருந்து. "இன்னும் கதிரையில இருக்கிறியள். எழும்பிப் போங்கோ. ஆரோ ஒருத்தர் உங்கட படத்தில தன்ர பேரை எழுத, போட்டின்ர மற்றப் பக்கமும் பூசாமல் கிடக்க, இரண்டும் இல்லாமல் திருநாளுக்கு நிக்கப் போறியளோ?"

கொலின்ஸின் ஓட்டோ அன்று போன வேகத்தைப் பற்றி அவனே பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. பின் சீற்றில் தோமஸ் இருந்ததால் வண்டி வளைவுகளில் அவர் பக்கமே சரிந்தது. மறுபக்கம் நசீறா கம்பியைப் பிடித்துக்கொண்டு கலிமாச் சொன்னாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது படத்தின் கீழ் மூலையில் 'பவ்ஸான்' என்று அழகான சாய்வெழுத்தில் ஈரமாய் இருந்தது.

தோமஸ் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த தின்னர்ப் போத்தலைச் சீலைத்துண்டில் சரித்து, படகின் அடியில் ஒட்டிய பாசியைத் துடைப்பதுபோல அந்தப் பெயரை ஒரே இழுப்பில் துடைத்தார். கீழிருந்த நிறம் கலங்கவில்லை.

"கடல்தண்ணிக்கே போகாத பெயின்ற் தம்பி" என்றார் பவ்ஸானிடம்.

பவ்ஸான் சீலைத்துண்டைப் பார்த்தார், தோமஸின் கையகலத்தைப் பார்த்தார். "உங்களுடையது எண்டு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டன் அண்ணன்" என்று தன் தூரிகையை நீட்டினார். "வெள்ளை இந்த டின்னில இருக்கு."

"பேரைப் போடுங்கோ ஐயா, லொறி ஸ்டார்ட் பண்ணிட்டினம்" என்றாள் துசாந்தினி.

தோமஸ் கீழ் மூலைக்குக் குனியவில்லை. படத்திலிருந்த ரயிலின் மூக்குப் பக்கம், படகென்றால் முகப்பு வரும் இடத்தில், பெரிய வெள்ளை எழுத்தில் எழுதினார். மாக்கிறட்.

"ஐயா, உங்கட பேர்…"

"முகப்பில ஓட்டுறவன்ர பேரை ஆரும் எழுதுறேல்லைத் தங்கச்சி."

"விதி அப்பிடித்தான் ஐயா. கீறினவர் பேர் இருக்க வேணும்."

தோமஸ் யோசித்தார். படகில் செய்வதுபோலவே, பெரிய பெயருக்குக் கீழே சின்னதாய் இன்னொரு வரி எழுதினார். 'உரிமையாளர்: தோமஸ், வங்காலை.'

துசாந்தினி நிம்மதியாய் மூச்சு விட்டாள். இரண்டு பேர் பலகையைத் தூக்க வந்தார்கள்.

கொலின்ஸ் தலையைச் சரித்து அந்த இரண்டு வரியையும் சேர்த்து வாசித்தான். "அண்ணன், மேல மாக்கிறட், கீழ உரிமையாளர் தோமஸ். கொழும்பில அக்கா தினமும் போய்ப் பாக்கக்கூடிய சுவரிலதான் இது தொங்கப் போகுது. நல்லா யோசிச்சுத்தானே எழுதினீங்க?"

பலகை தூக்கியவர்களைத் தோமஸ் கைகாட்டி நிறுத்தினார். சீலைத்துண்டை எடுத்து ஒரு சொல்லை மட்டும் துடைத்தார். லொறி ஹோர்ன் அடித்தது. அவர் அவசரப்படவில்லை. துடைத்த இடத்தில் தெளிவாக எழுதினார்.

'ஓட்டி: தோமஸ், வங்காலை.'